பந்தைச் சுமப்பவரும் வழி திறப்பவர்களும்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கேன்ட்டன் என்னும் நகரில் அமெரிக்கக் கால்பந்தின் புகழ்மண்டபம் இருக்கிறது. சியாட்டில் சீஹாக்ஸ் அணியின் முன்வரிசையில் இடப்பக்க டேக்கிளாக ஆடிய வால்ட்டர் ஜோன்ஸ் 2014-இல் அந்த மண்டபத்துக்குத் தேர்வானார். அவரை ஒட்டி இடப்பக்க கார்டாக நின்ற ஸ்டீவ் ஹட்சின்சனுக்கு 2020-இல் அந்த மரியாதை கிடைத்தது. இந்த இருவருக்கும் பின்னால் ஓடி 2005-ஆம் ஆண்டில் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-இன் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை வென்றவரும், தம் வாழ்நாளில் 9,453 யார்டு ஓடி, ஓட்டத்தால் மட்டும் 100 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) எடுத்தவருமான ஷான் அலெக்சாண்டர் இன்னும் அங்கே இடம்பெறவில்லை. ஓடியவரை விட்டுவிட்டு அவருக்கு வழி திறந்தவர்களை மண்டபம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பந்தைச் சுமந்து ஓடும் ஒரு ரன்னிங் பேக்கின் வாழ்க்கையில் எவ்வளவு அவருடைய கால்களால் அமைகிறது, எவ்வளவு முன்னால் நிற்பவர்களின் தோள்களால் அமைகிறது என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இந்த விளையாட்டைப் பார்த்துப் பழகாதவர்களுக்காக அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓர் அணிக்குப் பதினொருவர். தாக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அவற்றுக்குள் பத்து யார்டு, அதாவது முப்பது அடி, முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்வரிசையின் நடுவில் ஐவர் நிற்கிறார்கள்: மையத்தில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டேக்கிள்கள். இன்றைய ஆட்டத்தில் இவர்களில் பெரும்பாலோர் 136 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள். சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்ததும், தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் அதை ரன்னிங் பேக்கின் வயிற்றோடு சேர்த்து வைக்கிறார். அவர் ஓடத் தொடங்குகிறார். ஓர் ஓட்டத்துக்கு நான்கு யார்டுக்குச் சற்று மேல் சராசரி வைத்திருப்பவர் நல்ல ஓட்டக்காரர். ஒரு பருவம் முழுவதும் ஐந்துக்கு மேல் வைத்திருப்பவர்கள் அரிது. பந்தைத் தொட்டவர்களின் பெயருக்கு எதிரே ஒவ்வொரு யார்டும் எழுதப்படுகிறது. முன்வரிசையின் ஐவருக்கோ வழக்கமான ஆட்டப் பதிவேட்டில் கட்டமே கிடையாது. அவர்கள் தவறு செய்து அபராதம் வாங்கும்போதுதான் அவர்களுடைய எண் ஒலிபெருக்கியில் சொல்லப்படுகிறது.

எதிரணியினரை மறித்து வழி திறக்கும் பிளாக்கிங் என்பது வெறும் தள்ளுமுள்ளு அன்று. எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தால் பத்து யார்டு அபராதம் என்பதால், கைகளை அவருடைய மார்புக்குள் சரியான இடத்தில் பதித்து, தம் இடுப்பை அவருடைய இடுப்பைவிடத் தாழ்வாக வைத்து, அவருக்கும் பந்து போகும் வழிக்கும் நடுவே தம் உடலைத் திருப்பி நிறுத்த வேண்டும். இதில் இரண்டு முறைகள் பெருவழக்கு. ஒன்றில், வழி எங்கே திறக்கும் என்பது முன்பே முடிவாகியிருக்கும். ஒரு கார்டு தம் இடத்திலிருந்து விலகி, வரிசைக்குப் பின்புறமாக ஓடி வந்து அந்த வழியில் நிற்பவரை மோதி விலக்குவார். மற்றொன்றான மண்டல முறையில் ஐவரும் ஒரே திசையில் பக்கவாட்டாக நகர்வார்கள். அடுத்தடுத்து நிற்கும் இருவர் முதலில் சேர்ந்து ஒருவரைத் தள்ளிவிட்டு, அவர்களில் ஒருவர் சரியான கணத்தில் பிரிந்து எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் என்னும் தடுப்பாளரைத் தேடிப் போவார். அந்தப் பிரியும் கணம் அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் எல்லாம் கெட்டுவிடும். எவர் பிரிவது, எவர் தங்குவது என்பதைப் பேச நேரம் இருக்காது. பக்கத்தில் நிற்பவரின் தோள் தரும் அழுத்தத்திலிருந்தே உணர வேண்டும். அதனால்தான் ஐந்து தனித்தனிச் சிறந்த ஆட்டக்காரர்களைவிட, பல ஆண்டுகள் சேர்ந்து நின்ற ஐந்து பேரைப் பயிற்சியாளர்கள் விரும்புகிறார்கள்.

ஓடுபவருக்கு இது எப்படித் தெரியும்? பந்து கைக்கு வந்த பிறகு அவர் முன்வரிசையை அடைய இரண்டு நொடிகூட ஆகாது. அதற்குள் ஒரு வழி திறந்திருந்தால் அவர் முழு வேகத்தில், தோள் நேராக, எதிரணியின் இரண்டாம் அடுக்கைச் சந்திக்கிறார். திறக்காவிட்டால் நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், நின்ற இடத்திலேயே 130 கிலோ மனிதரின் மோதலை வாங்க வேண்டும். முதல் மோதலுக்கு முன் கிடைக்கும் யார்டுகள் பெரும்பாலும் முன்வரிசை தருபவை, மோதலுக்குப் பின் கிடைப்பவை பெரும்பாலும் ஓடுபவர் சம்பாதிப்பவை என்று ஆய்வாளர்கள் பிரிக்கிறார்கள். பயனுள்ள பிரிவுதான்; ஆனாலும் கோடு அவ்வளவு நேரானது அன்று. பொறுமையாகக் காத்திருந்து, லைன்பேக்கரைத் தவறான பக்கம் ஓரடி நகர வைக்கும் ரன்னிங் பேக், தமக்கு முன்னால் நிற்பவரின் வேலையையும் எளிதாக்குகிறார். முன்வரிசையின் கணக்கில் வரும் அந்த யார்டுகளில் அவருடைய பங்கும் கலந்திருக்கிறது.

அலெக்சாண்டரின் கதையை இப்போது ஆண்டு வாரியாகப் பார்க்கலாம். கல்லூரி ஆட்டக்காரர்களை லீக் அணிகள் முறைவைத்து எடுக்கும் 2000-ஆம் ஆண்டுத் தேர்வில் அலபாமா பல்கலைக்கழகத்திலிருந்து பத்தொன்பதாவதாக எடுக்கப்பட்டவர் அவர். ஜோன்ஸ் 1997 முதலே அணியில் இருந்தார். 2001-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹட்சின்சன் பதினேழாவது தேர்வாக வந்து சேர்ந்தார். அதே ஆண்டில் அலெக்சாண்டர் முதன்முறையாக ஆயிரத்தைத் தாண்டி 1,318 யார்டு ஓடினார். 2002-இல் கால் எலும்பு முறிந்ததால் ஹட்சின்சனால் நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆட முடியவில்லை. அந்தப் பருவத்தில் அலெக்சாண்டரின் சராசரி 4.3-இலிருந்து 4.0-ஆக இறங்கியது. ஹட்சின்சன் திரும்பிய பிறகு வந்த மூன்று பருவங்களின் சராசரி 4.4, 4.8, 5.1 என்று படிப்படியாக ஏறியது. 2004-இல், பருவத்தில் அதிக யார்டு ஓடியவருக்கான லீக்கின் ஓட்டப் பட்டத்தை ஒரே ஒரு யார்டில் இழந்தார். 2005-இல் 370 முறை பந்தைச் சுமந்து 1,880 யார்டு, ஓட்டத்தில் 27 டச்டவுன். சீஹாக்ஸ் தன் வரலாற்றில் முதன்முறையாக லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலுக்குப் போனது. இடப்பக்கம் ஜோன்ஸ், ஹட்சின்சன்; அவர்களுக்குப் பின்னால், ஓட்டக்காரருக்கு முன்பாகப் பாய்ந்து லைன்பேக்கரை மோதி விலக்கும் ஃபுல்பேக் மேக் ஸ்ட்ராங். அந்தப் பருவத்தில் சியாட்டில் இடப்பக்கம்தான் ஓடப்போகிறது என்று எதிரணிக்குத் தெரிந்திருந்தும் பல நேரங்களில் தடுக்க முடியவில்லை.

2006 வசந்தத்தில் நடந்ததுதான் இந்தக் கட்டுரையின் மையம். அலெக்சாண்டர், ஹட்சின்சன் இருவரின் ஒப்பந்தங்களும் ஒரே நேரத்தில் முடிந்தன. நிர்வாகம் அலெக்சாண்டருக்கு எட்டு ஆண்டுகளுக்கு 6.2 கோடி டாலர் ஒப்பந்தம் தந்தது. ஹட்சின்சனைத் தக்கவைக்க இரண்டு முத்திரைகள் இருந்தன. ஒன்று ஃபிராஞ்சைஸ் முத்திரை. அதை வைத்தால், அவரை எடுத்துச் செல்லும் அணி இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளை இழக்க வேண்டியிருக்கும். மற்றது சற்று மலிவான டிரான்சிஷன் முத்திரை. அதில் போட்டி அணியின் சலுகைக்கு ஈடுகொடுக்கும் உரிமை மட்டுமே உண்டு. ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் குறைவான வேறுபாட்டுக்காக நிர்வாகம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. மினசோட்டா வைக்கிங்ஸ் அணி ஏழு ஆண்டுகளுக்கு 4.9 கோடி டாலர் சலுகை தந்து, அதில் ஒரு நச்சு விதியையும் சேர்த்தது: அணியின் முன்வரிசையில் ஹட்சின்சன்தான் அதிகச் சம்பளம் பெறுபவராக இல்லாவிட்டால் முழுத் தொகையும் உத்தரவாதமாகிவிடும். சியாட்டிலில் ஜோன்ஸின் சம்பளம் அதைவிட அதிகமாக இருந்ததால், சீஹாக்ஸால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒப்பந்தத் தகராறை விசாரித்த நடுவரும் வைக்கிங்ஸ் பக்கமே தீர்ப்பளித்தார். ஓடுபவரை வைத்துக்கொண்டு வழி திறப்பவரைப் போகவிட்ட இந்த முடிவைப் போல் விலை உயர்ந்த சிக்கனம் அந்த அணியின் வரலாற்றில் வேறில்லை என்றே நான் கருதுகிறேன்.

அடுத்த பருவத்தில் அலெக்சாண்டரின் சராசரி 3.6; மொத்தம் 896 யார்டு. அதற்கடுத்த ஆண்டில் 3.5, 716 யார்டு. 2008 ஏப்ரலில் அணி அவரை விடுவித்தது. அந்த ஆண்டு வாஷிங்டன் அணியில் பதினொரு முறை பந்தைச் சுமந்ததோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. லீக்கின் முதல் மனிதராக நின்றதிலிருந்து வேலையின்றி நின்றதற்கு மூன்றே ஆண்டுகள்.

இதையெல்லாம் ஹட்சின்சனின் விலகலின் மேல் மட்டும் ஏற்றிவிட்டால் அது நேர்மையான விளக்கம் ஆகாது. 2006-இல் அலெக்சாண்டரின் இடது பாத எலும்பு முறிந்தது. ஆறு ஆட்டங்களை இழந்தார். அவருக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ரன்னிங் பேக்குகளுக்கு அந்த வயது மாலைப்பொழுது. முந்தைய பருவத்தில் 370 முறை சுமந்த களைப்பும் உண்டு. அது மட்டுமல்ல: காயத்திலிருந்து திரும்பிய பின், 2006 நவம்பர் 27 இரவு, பனி கொட்டிய சியாட்டில் மைதானத்தில், கிரீன் பே அணிக்கு எதிராக 40 முறை சுமந்து 201 யார்டு ஓடினார். ஹட்சின்சன் இல்லாத வரிசைக்குப் பின்னால்தான் அந்த ஓட்டமும் நடந்தது. ஆக, ஒரு நல்ல இரவுக்கு வேண்டிய திறன் அவரிடம் அப்போதும் இருந்தது. வாரந்தோறும் தொடர்ந்து ஓடுவதற்கு வேண்டிய வழிதான் இல்லாமல் போனது. கண்ணால் பார்த்த ஆட்டங்களும் எண்களும் என்னை இந்த முடிவுக்கே கொண்டு வருகின்றன.

வைக்கிங்ஸுக்குப் போன ஹட்சின்சனின் வரலாறும் இதோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. 2007-இல் அங்கே ஏட்ரியன் பீட்டர்சன் புதுமுகமாக வந்தார். அந்த ஆண்டு நவம்பர் 4 அன்று சான் டியேகோவுக்கு எதிராக 296 யார்டு ஓடி ஓர் ஆட்டத்துக்கான லீக் சாதனையைப் படைத்தார். அடுத்த ஆண்டு 1,760 யார்டோடு ஓட்டப் பட்டத்தை வென்றார். இங்கேயும் கதை ஒரு பக்கமாகச் சாயவில்லை. முழங்கால் தசைநார் கிழிந்து ஓர் ஆண்டுகூட முடியாத நிலையில், 2012-இல் பீட்டர்சன் 2,097 யார்டு ஓடியபோது ஹட்சின்சன் அணியில் இல்லை. 1984-இல் எரிக் டிக்கர்சன் வைத்த 2,105 என்ற சாதனைக்கு அது 8 யார்டுதான் குறைவு. சில மனிதர்கள் வரிசை மாறினாலும் ஓடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் ஒரு தலைமுறைக்கு இரண்டு மூன்று பேர்.

அந்த இரண்டு மூன்று பேரில் பேரி சாண்டர்ஸை முதலில் சொல்ல வேண்டும். டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்காகப் பத்துப் பருவங்கள் ஆடி 15,269 யார்டு. சராசரி ஏறத்தாழ ஐந்து. தொடக்க ஆண்டுகளில் அந்த அணி ஃபுல்பேக்கே இல்லாத, பந்தை எறிவதற்காக அமைத்த முறையில் ஆடியது. முன்வரிசையில் துயரங்களும் நேர்ந்தன: 1991 நவம்பரில் கார்டு மைக் அட்லி ஆட்டத்தின்போது கழுத்து முறிந்து செயலிழந்தார்; அடுத்த ஆண்டு ஜூனில் மற்றொரு கார்டு எரிக் ஆண்டோல்செக், தம் வீட்டு முன்றிலில் நின்றிருந்தபோது லாரி மோதி இறந்தார். சாண்டர்ஸ் பின்னோக்கி ஓடி, சுழன்று, யாருமே எதிர்பாராத பக்கத்தில் வெளிவந்த அந்த ஓட்டங்களைப் பலரும் கலை என்றே பேசுகிறார்கள். கலைதான், அதோடு, வழி இல்லாத இடத்தில் பிழைக்கக் கற்ற பழக்கமும் அது. அந்தப் பழக்கத்துக்கும் எல்லை இருந்தது. 1994-இன் கடைசி நாளில், கிரீன் பே அணிக்கு எதிரான நாக் அவுட் ஆட்டத்தில், அவர் 13 முறை சுமந்து எடுத்தது கழித்தல் 1 யார்டு. 1997-இல் பயிற்சியாளர் பாபி ராஸ் வந்து, டாமி வார்டெல் என்ற ஃபுல்பேக்கை அவருக்கு முன்னால் நிறுத்தினார். முதல் இரண்டு ஆட்டங்களில் திணறிய சாண்டர்ஸ், மீதிப் பதினான்கிலும் தவறாமல் நூறைத் தாண்டி, 2,053 யார்டோடு பருவத்தை முடித்தார். அந்தப் பருவத்துக்குப் பின் சென்டர் கெவின் குளோவரை அணி விட்டுவிட்டது. மறு ஆண்டில் சாண்டர்ஸின் சராசரி 6.1-இலிருந்து 4.3-க்கு விழுந்தது. 1999 ஜூலையில், வால்ட்டர் பேட்டனின் வாழ்நாள் சாதனைக்கு 1,457 யார்டு மட்டும் மீதமிருக்க, தம் சொந்த ஊரான விச்சிடாவின் நாளிதழுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு விலகினார்.

அந்தச் சாதனையைப் பிறகு முறியடித்தவர் டல்லஸ் கவ்பாய்ஸின் எம்மிட் ஸ்மித். மொத்தம் 18,355 யார்டு. மார்க் டுய்னே, நேட் நியூட்டன், எரிக் வில்லியம்ஸ், பிறகு லாரி ஆலன் என்று மலைபோல் நின்ற வரிசை. முன்னால் ஃபுல்பேக் டேரில் ஜான்ஸ்டன். ஸ்மித் நின்ற இடத்தில் சாண்டர்ஸ் நின்றிருந்தால் என்ற விவாதம் முப்பது ஆண்டுகளாக ஓயவில்லை. எனக்கு அந்தக் கற்பனையைவிட, நடந்துபோன ஒரு சோதனையே பெரிதாகத் தெரிகிறது. 1993 பருவத் தொடக்கத்தில் சம்பளத் தகராறால் ஸ்மித் முதல் இரண்டு ஆட்டங்களுக்கு வரவில்லை. அதே வரிசை, அதே ஃபுல்பேக், முந்தைய ஆண்டின் சாம்பியன் அணி, இரண்டிலும் தோற்றது. ஸ்மித் வந்தார், அணி மீண்டும் கோப்பையை வென்றது. ஸ்மித்தோ தம் கடனை மறக்கவில்லை. 2010-இல் புகழ்மண்டப மேடையில், ஜான்ஸ்டனை நோக்கிப் பேசும்போது அவர் அழுதுவிட்டார்.

டென்வர் பிராங்கோஸின் அனுபவம் வேறு பக்கம் சாய்கிறது. அங்கே அலெக்ஸ் கிப்ஸ் என்னும் பயிற்சியாளர், எடை குறைந்த, வேகமாக நகரக்கூடிய ஐவரைக் கொண்டு மண்டல முறையைக் கட்டினார். ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்ட டெரல் டேவிஸ் 1998-இல் 2,008 யார்டு ஓடினார். 1999-இல் அவர் முழங்கால் அடிபட்டு விழ, ஒலான்டிஸ் கேரி 1,159. 2000-இல் மைக் ஆண்டர்சன் 1,487. 2002-இல் கிளின்டன் போர்ட்டிஸ் 1,508. யாரை நிறுத்தினாலும் ஆயிரம் வரும் என்ற பேச்சு அப்போது எழுந்தது. ஓட்டத்துக்கு 5.5 யார்டு எடுத்த போர்ட்டிஸ் 2004-இல் வாஷிங்டனுக்கு மாற்றப்பட்டபோது அந்த ஆண்டுச் சராசரி 3.8-ஆனது, வலப்பக்க டேக்கிள் ஜான் ஜான்சன் பருவம் தொடங்கும் முன்பே காயத்தால் விலகியிருந்தார். இந்தப் பேச்சின் விலையைக் கட்டியவர் டேவிஸ். எட்டு நாக் அவுட் ஆட்டங்களில் 1,140 யார்டு ஓடி இரண்டு கோப்பைகளுக்கு வழிவகுத்தவர், குறுகிய ஆட்ட வாழ்க்கையோடு இந்தச் சந்தேகத்தையும் சுமந்துகொண்டு புகழ்மண்டபத்துக்காக 2017 வரை காத்திருக்க நேர்ந்தது. அது நியாயமில்லை. வரிசை தரும் வழியை வீணாக்காமல் ஒரே திருப்பத்தில் ஊடுருவுவதும் அரிய திறன்தான். பின்னால் வந்தவர்கள் யாரும் அவருடைய 2,008-ஐ எட்டவில்லை.

எதை வரிசை தருகிறது, எதை ஓடுபவர் சேர்க்கிறார் என்பதை அளக்க இப்போது கருவிகள் வந்துவிட்டன. தோள் கவசங்களில் பொருத்திய சில்லுகள், மைதானத்தில் இருபத்திரண்டு பேரும் நொடியின் சிறு பகுதிதோறும் எங்கே, எந்த வேகத்தில் இருக்கிறார்கள் என்பதைப் பதிவு செய்கின்றன. 2019-இல் லீக் இந்தத் தரவை வெளியிட்டு, பந்து கைமாறும் கணத்தில் நிற்கும் நிலையை மட்டும் வைத்து எத்தனை யார்டு கிடைக்கும் என்று கணிக்கும் போட்டி நடத்தியது. ஆஸ்திரியாவிலிருந்து கலந்துகொண்ட இரண்டு தரவு அறிவியலாளர்களின் முறை முதலிடம் பெற்றது. ஆட்டக்காரர்களின் ஒப்பீட்டு இருப்பிடமும் வேகமுமே அதற்குப் போதுமானதாக இருந்தன. ஓடுபவரின் பெயரை அது கேட்கவே இல்லை. கணிப்புக்கு மேல் ஒருவர் எடுக்கும் யார்டுகளே அவருடைய சொந்தச் சம்பாத்தியம் என்ற புது அளவு இதிலிருந்து பிறந்தது.

இந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு சாக்வான் பார்க்லியைப் பார்க்கலாம். 2018-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அவரை இரண்டாவது தேர்வாக எடுத்தது. முதல் ஆண்டிலேயே 1,307 யார்டு. ஆனால் அந்த அணியின் முன்வரிசை ஆண்டுக்கு ஆண்டு சரிந்துகொண்டே இருந்தது. 2020-இன் முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் அணிக்கு எதிராக அவர் 15 முறை சுமந்து எடுத்தது 6 யார்டு. பெரும்பாலான முறை பந்தோடு திரும்பிப் பார்ப்பதற்குள் எதிரி முன்னால் நின்றார். மறு வாரம் முழங்கால் தசைநார் கிழிந்தது. 2023-இல் சராசரி 3.9. நீண்ட கால ஒப்பந்தம் தர மறுத்த அணி, 2024 மார்ச்சில் அவரைப் போகவிட்டது. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் மூன்று ஆண்டுகளுக்கு 3.775 கோடி டாலர் தந்து அவரை எடுத்தது. அங்கே ஜெஃப் ஸ்டவுட்லாண்ட் பயிற்சியில் ஜோர்டன் மைலாட்டா, லாண்டன் டிக்கர்சன், கேம் ஜர்கன்ஸ், மெக்காய் பெக்டன், லேன் ஜான்சன் என்ற வரிசை இருந்தது. 345 முறை சுமந்து 2,005 யார்டு, சராசரி 5.8. அதே கால்கள், ஆறு வயது கூடிய கால்கள். நியூயார்க்கில் மூன்று யார்டில் முடிந்த ஓட்டங்களில் எத்தனை, முதல் மோதலைத் தாண்டியிருந்தால் அறுபது யார்டு போயிருக்கும் என்பதை அந்தப் பருவத்தின் நெடிய ஓட்டங்கள் காட்டின. வரிசை முதல் ஐந்து யார்டைத் தந்தது. மீதி ஐம்பத்தைந்தை ஓட லீக்கில் மிகச் சிலரால்தான் முடியும்.

2025 பிப்ரவரி 9 அன்று, தம் இருபத்தெட்டாவது பிறந்த நாளில், பார்க்லி சூப்பர் பவுலில் ஆடினார். அவரை நிறுத்துவதற்கென்றே கன்சாஸ் சிட்டி ஆட்களைக் குவித்ததால் 25 முறைக்கு 57 யார்டுதான் கிடைத்தது; அப்படிக் குவித்ததால் திறந்த வெளியில் பந்தை எறிந்து ஈகிள்ஸ் 40–22 என்று வென்றது. அடுத்த மாதமே அணி அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 4.12 கோடி டாலர் கூடுதல் ஒப்பந்தம் தந்தது. ஏறத்தாழ அதே வயதில், அதைப் போன்ற ஒரு பருவத்துக்குப் பின், அலெக்சாண்டருக்கு சியாட்டில் தந்ததற்கு இணையான மரியாதை அது. ஆனால் ஃபிலடெல்ஃபியாவில் மைலாட்டாவும் டிக்கர்சனும் முந்தைய வசந்தத்திலேயே நீண்ட ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருந்தார்கள். பார்க்லியின் ஒப்பந்தம் வந்த அதே மார்ச்சில் லேன் ஜான்சனுக்கும், ஏப்ரலில் சென்டர் ஜர்கன்ஸுக்கும் ஒப்பந்தங்கள் நீட்டிக்கப்பட்டன.